ஸ்டோர்ஷார் கணவாயின் கேட்டுக்காரி

குளிர்காலத்தில் ஸ்டோர்ஷார் கணவாயில் காற்று கிளம்பிவிட்டால் யாரும் தன்னிஷ்டத்துக்கு மலை ஏற முடியாது. கேட் இறங்கிவிடும். முன்னால் ஒரு பனி ஒதுக்கும் லாரி, பின்னால் இன்னொன்று, நடுவில் ஏழெட்டு வண்டிகள் என்று சரம்போலக் கோத்துக்கொண்டுதான் அந்தப் பக்கம் போக வேண்டும். அந்தச் சரத்தில் எந்த வண்டி சேரலாம், எது சேரக்கூடாது என்று சொல்வது ராக்னிலின் வேலை. முன் லாரியை ஓட்டுவதும் அவளே.

வண்டி ஓட்டுபவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் டயரைப் பார்ப்பாள். குனிந்து, கையுறையைக் கழற்றி, டயரின் பள்ளத்தில் விரலை விட்டுப் பார்ப்பாள். பிறகுதான் நிமிர்ந்து வணக்கம் சொல்வாள். எங்கள் பக்கத்தில் யாராவது புது வண்டி வாங்க நினைத்தால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்பது வழக்கம். அவள் பதில் எப்போதும் ஒன்றுதான்.

"முதல்ல டயரை வாங்கு. மிச்சப் பணத்துக்கு என்ன கார் கிடைக்குதோ அதை வாங்கு."

"நாலு சக்கரமும் இழுக்குற வண்டி நல்லதா, ராக்னில்?"

"ஏறுறதுக்கு நல்லது. நிக்கிறதுக்கும் திரும்புறதுக்கும் எல்லா வண்டிக்கும் அதே நாலு சக்கரம்தான்."

அவளுக்கு இந்த ஞானம் மலையில் வந்ததல்ல. கீழே லியா ஊரில், ஹால்வர் என்பவனோடு சேர்ந்து பதினெட்டு வருஷம் டயர் கடை நடத்தியவள். ஹால்வர் அவள் புருஷன். இலையுதிர்காலத்தில் முதல் பனி விழுந்த அன்று குளிர்கால டயர் மாட்டிக்கொள்ளப் பள்ளத்தாக்கு முழுக்க அவர்கள் கடை வாசலில் நிற்கும். வசந்தத்தில் அதைக் கழற்ற இன்னொரு முறை நிற்கும். கழற்றிய டயர்களை அடுத்த பருவம்வரை வைத்துக்கொள்வதும் அவர்கள்தான். பாதிரியாரின் டயர், பேக்கரிக்காரரின் டயர், பள்ளிப் பேருந்தின் டயர் எல்லாம் பின்பக்கக் கொட்டகையில் அடுக்கடுக்காக இருக்கும். எந்த டயர் யாருடையது என்று ராக்னில் தேய்மானத்தைப் பார்த்தே சொல்வாள். பேக்கரிக்காரர் வளைவுகளில் அவசரப்படுவார், பாதிரியார் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குவார் என்பதெல்லாம் அவளுக்கு ரப்பரிலிருந்து தெரிந்த செய்திகள்.

கடை நன்றாகத்தான் ஓடியது. குடும்பம்தான் ஓடவில்லை. அடிதடி இல்லை, மூன்றாம் ஆள் இல்லை. ஒரு உறையில் இரண்டு கத்தி, அவ்வளவுதான். அவன் ஜாக்கி வைத்த இடத்தை அவள் மாற்றுவாள். அவள் இறுக்கிய நட்டை அவன் மறுபடி இறுக்கிப் பார்ப்பான். ஒரு நாள் மதியம், ரொட்டியும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டிருந்தபோது, "நாம ரெண்டு பேரும் நல்ல முதலாளிங்க, ஹால்வர். அதான் கஷ்டம்" என்றாள். அவன் மென்று விழுங்கிவிட்டு, "ஆமா" என்றான். கடை அவனுக்கு, வீடு அவளுக்கு என்று முடிந்தது.

அந்தக் குளிர்காலமே அவள் சாலை வேலைக்கு வந்தாள். மலை மேல் இருக்கும் லாரிக் கொட்டகையில் முதல் நாள் அவளை விசாரித்தவன் ஷேட்டில். அப்போதும் இப்போதும் பின் லாரி ஓட்டுகிறவன்.

"லாரி ஓட்டணும்னு வந்தியா, வீட்டுல சண்டைன்னு வந்தியா?"

"ரெண்டுக்கும்தான்."

"சரி. காப்பி அந்தப் பக்கம் இருக்கு."

அதற்குப் பிறகு அவளிடம் யாரும் எதையும் விசாரிக்கவில்லை. அவள் பனிக்காற்றில் சாலை விளிம்பைக் காட்டும் பாதையோரக் கம்புகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து லாரி ஓட்டக் கற்றாள். வெளிச்சம் இருந்தும் எதுவும் தெரியாத அந்த வெள்ளை இருட்டுக்குப் பழகினாள். இரண்டு குளிர்காலத்துக்குள் முன் லாரி அவள் கைக்கு வந்தது. மலை அவளுக்குப் பொருந்திவிட்டது. அங்கே ஒரு நேரத்தில் ஒரே ஒரு முதலாளி.

சொல்ல வந்தது பிப்ரவரி மாதத்து ஒரு சனிக்கிழமையைப் பற்றி.

காலையில் வானம் கழுவி வைத்தமாதிரி இருந்தது. பத்து மணிக்கெல்லாம் மேற்கிலிருந்து காற்று கிளம்பி, தரையில் கிடந்த பனியைத் தூக்கி எறிய ஆரம்பித்தது. கேட்டை இறக்கினார்கள். கிழக்குக் கேட்டில் எட்டு வண்டிகள் சேர்ந்தன. ராக்னில் முதல் வண்டியிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தாள்.

முதலில் நின்றது போர்க்கில்லின் சின்ன சிவப்புக் கார். எழுபது வயதான போர்க்கில் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவள். கார் அவள் ஓய்வு பெறுவதற்கு முன்பே ஓய்வு பெற்றிருக்க வேண்டியது. ஆனால் டயரில், ஐஸைப் பிடித்துக்கொள்ளப் பதித்த ஆணிகள் வரிசை குலையாமல், பூனை நகம்போல எட்டிப் பார்த்தன. அவள் பக்கத்து இருக்கையில், பெல்ட் மாட்டிய நிலையில், வளையம் வளையமாக அடுக்கிய கல்யாண கேக் ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. பின்சீட்டில் இசைத்தாள்களும் ஆர்கனின் பெடல்களை மிதிக்கப் போடும் செருப்பும் இன்னும் இரண்டு கேக் பெட்டிகளும்.

"எங்க கிளம்பிட்டீங்க, போர்க்கில்?"

"உனக்குத் தெரியாதா? ஹால்வர் கல்யாணத்துக்குத்தான். நெஸ் ஊர் சர்ச்சுல, ரெண்டு மணிக்கு. உன் கல்யாணத்துக்கும் நான்தானே வாசிச்சேன்."

"தெரியும். மாப்பிள்ளை நேத்தே போயிருப்பார்னு நினைச்சேன்."

"அப்படி நினைச்சவ நீ மட்டும் இல்ல. கடைசி வண்டியைப் பாரு."

கடைசியில் ஒரு மின்சாரக் கார் நின்றது. தாழ்ந்து, அகலமாக, ஈரக் கூழாங்கல்போலப் பளபளத்தது. பக்கத்தில் கறுப்பு சூட்டும் வெள்ளி நிற டையுமாக ஹால்வர் நின்றான். டயர் கடையோடு இரண்டு வருஷமாகக் கார் விற்பனையும் தொடங்கியிருந்தான். இது கடையில் காட்சிக்கு வைத்த வண்டி.

வரிசையில் பாதிப் பேர் லியாக்காரர்கள். கண்ணாடிகள் ஒவ்வொன்றாக இறங்கின. அந்தக் குளிரில் கண்ணாடியை இறக்குவதற்கு வேறு காரணம் எதுவும் இருக்க முடியாது.

ஷேட்டில் அவசரமாகப் பக்கத்தில் வந்தான். "ராக்னில், கடைசி வண்டியை நான் பாத்துக்கிறேன். நீ போய் லாரியைச் சூடு பண்ணு."

சுலபமான வழிதான். ஒரு கணம் அவளுக்கு ஆசையாகக்கூட இருந்தது. ஆனால் பதினோரு குளிர்காலமாக எல்லா வண்டிக்கும் தான் குனிந்திருக்கிறோம், இந்த ஒன்றுக்கு மட்டும் ஏன் ஒளிய வேண்டும் என்று தோன்றியது.

"வேண்டாம். நானே பாக்குறேன்" என்றாள்.

அதற்கு முன்னால் வரிசையின் நடுவில் இருந்த வண்டிகளையும் பார்த்து முடித்தாள். அதில் ஒன்று நாலு சக்கரமும் இழுக்கும் பெரிய நீல நிற வண்டி. ஐவின் என்ற மனிதர், மனைவி, இரண்டு பிள்ளைகள். ஆணி டயர்தான். நடு வரிசையில் சில ஆணிகள் உதிர்ந்திருந்தன. பள்ளம் போதுமானதுபோல இருந்தது. "டயர்ல மாட்டச் சங்கிலி இருக்கா?" "இருக்கு." "சரி, எனக்கு நேர் பின்னால வாங்க" என்றாள். வேறொரு நாளாக இருந்தால் இன்னொரு முறை விரலை விட்டுப் பார்த்திருப்பாள். அவள் மனசு கடைசி வண்டிக்குப் போய்விட்டிருந்தது.

ஹால்வரின் காருக்கு வந்து குனிந்தாள். விரலை விட்டாள். குளிர்கால டயர்தான், புதியதும்கூட. ஆனால் ஆணி இல்லாதது. மழையும் சேறுமான நகரச் சாலைகளுக்குச் செய்த அகலமான வகை. வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. இழுப்பது பின்சக்கரம் மட்டும்.

நிமிர்ந்தாள். "உன் சொந்த வண்டி எங்க?"

"வீட்டுல." ஹால்வர் கழுத்து டையைத் தொட்டுக்கொண்டான். "மாரிட்டோட ஆளுங்க, பொண்ணு வீட்டுக்காரங்க எல்லாம் வருவாங்க. கார் விக்கிறவன் துருப்பிடிச்ச வேன்ல போய் இறங்கினா நல்லாவா இருக்கும்? காலைல வானிலை நல்லாத்தானே சொன்னாங்க."

"சொன்னாங்க."

"நீ பழசை மனசுல வெச்சுக்கிட்டு..." என்று தொடங்கியவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

ராக்னில் கோபப்படவில்லை. "ஹால்வர், ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இதே வண்டியை, இதே டயரோட, இந்தக் காத்துல ஒரு வாடிக்கையாளர் நம்ம கடைக்குக் கொண்டுவந்து, மலை ஏறலாமான்னு கேட்டா நீ என்ன சொல்லுவே?"

காற்று அவன் கோட்டை விசிறிக்கொண்டிருந்தது. வரிசையே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. ஹால்வர் தன் காரைச் சுற்றி ஒருமுறை நடந்தான். முன் டயரைக் காலால் தட்டினான். கடையில் ஆயிரம் முறை செய்த அதே தட்டு.

"வீட்டுக்குத் திரும்பிப் போங்கன்னு சொல்லுவேன்" என்றான்.

அதற்குமேல் அவள் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் காரை ஒதுக்கி நிறுத்திவிட்டு, மோதிரப் பெட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, போர்க்கில்லின் கண்ணாடியைத் தட்டினான்.

"போர்க்கில், எனக்கு இடம் இருக்கா?"

அவள் கேக்கைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். "இதை எங்கப்பா வைக்கிறது? மடியில வெச்சா நொறுங்கிடும். கேக் இல்லாத கல்யாணத்துக்கு யாரும் வர மாட்டாங்க."

"மாப்பிள்ளை இல்லாம?"

"மாப்பிள்ளை கொஞ்சம் லேட்டா வந்தா பரவாயில்ல. நான் ரெண்டு பாட்டு கூடுதலா வாசிப்பேன்."

மற்ற வண்டிகள் நாயும் பனிச்சறுக்குப் பலகையும் பிள்ளைகளுமாக நிரம்பியிருந்தன. ஷேட்டிலின் லாரியில் பக்கத்து இருக்கையே கிடையாது. கடைசியில் ராக்னில் தன் லாரியின் கதவைத் திறந்தாள்.

"ஏறு. காலைத் தட்டிட்டு ஏறு."

கேட் திறந்தது. சரம் கிளம்பியது.

முதல் கால் மணி நேரம் ஏறிக்கொண்டே போனார்கள். லாரியின் முன்னால் மாட்டிய பனிக்கலப்பையின் தகடு சாலையைச் சுரண்டிக்கொண்டு வந்தது. பாதையோரக் கம்புகள் ஒன்று தெரியும், மறையும், அடுத்தது தெரியும். ராக்னில் முன்னால் சாய்ந்து ஓட்டினாள். ஹால்வரின் வலது கால் தன்னையறியாமல் பிரேக்கைத் தேடிக்கொண்டிருந்தது.

"அங்க பிரேக் கிடையாது" என்றாள்.

"தெரியும்."

"அப்புறம் ஏன் மிதிக்கிறே?"

அவன் சிரித்துவிட்டான். "பதினெட்டு வருஷப் பழக்கம்."

கொஞ்ச தூரம் போன பிறகு மெதுவாகக் கேட்டான். "உனக்கு இதுல வருத்தமா? கல்யாண விஷயம்."

கேள்விக்கு ஏற்ற மரியாதை கொடுத்து அவள் யோசித்தாள். இரண்டு கம்புகள் கடந்தன. "இல்ல. மாரிட்டை ஒரு தடவைதான் பாத்திருக்கேன். உன்னை ஞாயித்துக்கிழமை கடையைச் சாத்த வெச்சவ அவ. என்னால அது முடியல."

"நீயும்தானே திறந்து வெப்பே."

"அதான் சொல்றேன்."

பாதிரி வளைவு என்று சொல்லும் ஏற்றத்துக்கு வந்தார்கள். சாலை அங்கே வலப்பக்கம் திரும்பிக்கொண்டே ஏறும். காற்று பனியைச் சீவி எடுத்துக்கொண்டு போய், கீழே இருக்கும் கண்ணாடி ஐஸை வெறுமையாக விட்டிருக்கும். ராக்னில் பின்கண்ணாடியைப் பார்த்தாள். நீல வண்டியின் விளக்குகள் நெருங்கி வராமல் அதே இடத்தில் நின்றன. பிறகு சின்னதாகிக்கொண்டே பின்னால் போயின.

குரலை உயர்த்தாமல் ரேடியோவில் சொன்னாள். "ஷேட்டில், பாதிரி வளைவுல நீல வண்டி வழுக்குது. எல்லாரையும் நிறுத்து. யாரும் கீழே இறங்க வேண்டாம்."

நீல வண்டிக்குப் பின்னால் போர்க்கில். வழுக்கி வரும் வண்டியைப் பார்த்ததும், ஹாரனும் அடிக்காமல் பதறவும் செய்யாமல், தன் சின்னக் காரை ஆணி டயரின் துணையோடு பின்னுக்கு நகர்த்திக்கொண்டாள். பிற்பாடு யாரோ கேட்டதற்கு, "பெடல்ல கால் வைக்கிறது என் தொழில்" என்று சொன்னாளாம். நீல வண்டி சாலையோரப் பனித்திட்டில் பின்பக்கத்தைச் செருகிக்கொண்டு, குறுக்காக நின்றது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் குறுக்காக நிற்கும் வண்டியை அந்தக் காற்று அரைமணியில் மூடிவிடும்.

"அந்த நடு ஆணிங்க" என்றாள் ராக்னில். ஹால்வரிடம் சொன்னதல்ல, தனக்குத் தானே சொன்னது. அவள் லாரியை மெல்லப் பின்னால் விட்டு, காற்றுக்கு மறைப்பாக நிறுத்தினாள். இருக்கைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிற மேலுடுப்பு ஒன்றை இழுத்து ஹால்வர்மேல் போட்டாள்.

"கல்யாண சூட்டைக் கழட்ட வேண்டாம். மேலயே மாட்டிக்கோ."

"நான் வரணும்னு நீ சொல்லவே இல்லையே."

"வர மாட்டியா?"

அவன் ஏற்கெனவே ஒரு காலை நுழைத்துவிட்டிருந்தான்.

லாரியின் பின்கம்பியில் கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டே இருவரும் நீல வண்டியை அடைந்தார்கள். ஐவின் கண்ணாடியை இறக்கினார். முகம் வெளுத்திருந்தாலும் குரல் நிதானமாக இருந்தது.

"சங்கிலி பின்னால இருக்கு. பெட்டியை இன்னும் பிரிக்கல."

"நீங்க பிரேக்கை மட்டும் பிடிச்சுக்கோங்க. பிள்ளைங்களுக்கு ஏதாவது தின்னக் கொடுங்க" என்றாள் ராக்னில்.

சங்கிலி மாட்ட வேண்டியது முன்சக்கரம் இரண்டுக்கு. அவள் இடப்பக்கம் போனாள், அவன் வலப்பக்கம். யார் எந்தப் பக்கம் என்று பேசிக்கொள்ளவில்லை. சங்கிலியை விரித்து, சக்கரத்தின் பின்னால் கையை விட்டு, கொக்கியைத் தேடிப் பிடித்து, முன்னால் இழுத்து இறுக்கும் வேலை, வெயிலில் செய்தாலே விரலைக் கிழிக்கும். பனி கண்ணுக்குள் ஊசியாக இறங்கியது. அவள் தன் பக்கம் முடித்து நிமிர்ந்தபோது எதிர்ப்பக்கம் அவனும் நிமிர்ந்தான். பழக்கத்தில் அவன் அவள் பக்கத்துக்கு வந்து கொக்கியை ஒருமுறை இழுத்துப் பார்த்தான். அவளும் அவனுடையதை இழுத்துப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தாள். இருவரும் அதைக் கவனித்தார்கள். இந்த முறை யாருக்கும் எரிச்சல் வரவில்லை. இரண்டும் இறுக்கமாகத்தான் இருந்தன.

ஐவின் மெதுவாக ஆக்ஸிலரேட்டரைத் தொட்டார். சங்கிலி ஐஸைக் கடித்தது. வண்டி திட்டிலிருந்து பெயர்ந்து, நேராகி, ஏறியது.

லாரிக்குள் வந்ததும் ராக்னில் பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் காப்பி ஊற்றி அவனிடம் கொடுத்தாள். அவன் அதை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துக்கொண்டான்.

"அந்த டயரை நான் விட்டிருக்கக் கூடாது" என்றாள்.

"என்னை நினைச்சுக்கிட்டு இருந்திருப்பே."

"உன் வண்டியை நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றான் ஹால்வர், காப்பியை ஊதிக்கொண்டே. "ஆனா என்னை நிறுத்தினது சரி. அந்த வளைவுல நான் இருந்திருந்தா, நேரா போர்க்கில்லோட கேக்லதான் போய் நின்னிருப்பேன்."

அவள் ரேடியோவை எடுத்தாள். "ஷேட்டில், கிளம்புறோம். நீல வண்டியை வரிசைல சேர்த்தது என் தப்பு. இனிமே நம்ம ஊர்க்காரங்க நிக்கிற அன்னிக்கு, நான் பாத்த வண்டியை நீயும் ஒரு தடவை பாக்கணும்."

ரேடியோ கரகரத்தது. "சரி. மாப்பிள்ளை உயிரோட இருக்காரா?"

"காப்பி குடிச்சுக்கிட்டு இருக்கார்."

மேற்குக் கேட்டில் காற்று பாதியாக அடங்கியிருந்தது. நெஸ்காரர்கள் ஒரு கூட்டமாக வந்து நின்றார்கள். நடுவில் மாரிட், பாரம்பரிய உடைமேல் ஆண்பிள்ளைக் கம்பளிக் கோட்டு ஒன்றைப் போர்த்திக்கொண்டு, மார்பில் வெள்ளி ஆபரணங்கள் குலுங்க நின்றாள். பளபளக்கும் கார் ஒன்றை எதிர்பார்த்த எல்லார் கண்ணும், லாரியின் உயரத்திலிருந்து ஆரஞ்சு உடுப்போடு இறங்கிய மாப்பிள்ளைமேல் விழுந்தது. அதன்பின் ஓட்டுநர் இருக்கையில் யார் என்று பார்த்தார்கள். முன்னாள் மனைவி என்று ஒருவர் காதில் ஒருவர் சொன்னார்கள்.

மாரிட்தான் முதலில் நடந்து வந்தாள். ஹால்வரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ராக்னிலை அண்ணாந்து பார்த்தாள்.

"சரக்கு வந்துடுச்சு. எங்க கையெழுத்துப் போடணும்?"

"கையெழுத்தெல்லாம் வேண்டாம்" என்றாள் ராக்னில். "சேதாரம் இல்லாம வந்திருக்கு. ஒரு தடவை சரிபாத்து எடுத்துக்கோங்க."

மாரிட் சிரித்த சிரிப்பில் கூட்டமும் சிரித்தது. பின்னால் போர்க்கில் கேக்கைக் குழந்தைபோல ஏந்திக்கொண்டு இறங்கினாள். மேல் இரண்டு வளையங்கள் மட்டும் தொப்பிபோலச் சாய்ந்திருந்தன.

"நீங்களும் சர்ச்சுக்கு வாங்க" என்றாள் மாரிட். ஒப்புக்குச் சொன்னது இல்லை. கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"கிழக்கே போறவங்க ஒன்பது வண்டி நிக்கிறாங்க. காத்து மறுபடி ஏறுறதுக்குள்ள அவங்களைக் கொண்டுபோகணும். உங்களுக்கு என் வாழ்த்து." ராக்னில் கொஞ்சம் குனிந்து, "ஞாயித்துக்கிழமை கடையைத் திறக்க விடாதீங்க" என்றாள்.

ஹால்வர் மேலுடுப்பைக் கழற்றிக் கொடுத்தான். சூட்டின் முழங்கால் இரண்டும் நனைந்து கறுத்திருந்தன. நன்றி என்று சொல்ல வாயெடுத்தவன், அதை விட்டுவிட்டு அவள் லாரியின் முன் டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

அவள் இறங்கி நீல வண்டியிடம் போனாள். "உங்களை நான் கேட்லயே நிறுத்தியிருக்கணும். தப்பு என்னுது. மன்னிச்சுக்கோங்க" என்றாள் ஐவினிடம். "ஆனா இந்த டயரோட திரும்பி வந்தீங்கன்னா, விட மாட்டேன்." ஐவின் தலையாட்டினார். நெஸ்ஸில் டயர் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். அவள் வழி சொன்னாள்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? முன்னாள் புருஷனின் கல்யாண வண்டியை ராக்னில் வழிமறித்தாள் என்ற கதை திங்கட்கிழமைக்குள் பள்ளத்தாக்கு முழுக்கப் போய்விட்டது. பேக்கரியில் ஒருவர் அவள் முகத்துக்கு நேராகவே, "பழி தீத்துட்டியாமே" என்றார். அவள் ரொட்டியை வாங்கிக்கொண்டு, "உங்க பின் டயர் இடது பக்கம் தேஞ்சிருக்கு. இந்த வாரம் மாத்திடுங்க. நம்ம கேட்டுக்கு வந்தீங்கன்னா உங்க மேலயும் பழி தீத்துக்குவேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் மறுநாளே மாற்றினார்.

ஆனால் இதெல்லாம் பிறகு நடந்தது. அந்தச் சனிக்கிழமை, சர்ச் மணி அடிக்கத் தொடங்கியபோது, ராக்னில் கிழக்கே போகும் ஒன்பது வண்டிகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் குனிந்தாள், விரலை விட்டாள். அவள் பின்னாலேயே ஷேட்டிலும் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தான். ஒரு வண்டியை இருவருமாக நிறுத்தினார்கள். மீதி எட்டையும் கோத்துக்கொண்டு அவள் மலை ஏறினாள்.